நாம ஏன் தேனிக்கு வந்தோம்?

போன வருஷம் எங்க குழுவுல உறுப்பினர் பதிவேட்டைப் புதுசா எழுதினோம். பேர், கணவர் பேர், வயசு, ஆதார் எண் எல்லாம் வேகமா முடிஞ்சது. "சொந்த ஊர்"னு ஒரு கட்டம் இருந்துச்சு. அங்கதான் பேனா நின்னு போச்சு. 14 பேர்ல "தேனி"ன்னு உடனே சொன்னவங்க 3 பேர். ஒரு அக்கா வருசநாடுன்னாங்க. ஒரு தங்கச்சி தேவாரம், ஒருத்தி உசிலம்பட்டிப் பக்கம். இன்னொருத்தி ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "எங்கம்மாவுக்கு ஆண்டிபட்டி, எனக்கு எங்கன்னு எழுதுறது?"ன்னு கேட்டா. என் முறை வந்தப்ப நானும் முழிச்சேன். நான் பிறந்தது கேரளாவுல உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து லயத்துல. அம்மாவுக்கு ஊர் தேவாரத்துக்குப் பக்கம். கல்யாணம் ஆகி இருந்ததும் மலையிலதான். கீழே இறங்கி வந்தது 2011 டிசம்பர்ல.

மலர்க்குழுவுல "நம்ம ஊர் வரலாறு" எழுதுங்கன்னு சொன்னப்போ அந்தக் கட்டம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ராஜா, ஜமீன் வரலாறு எழுத வேற ஆளுங்க இருக்காங்க. நான் மலைமேல தமிழ்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் படிச்சவ. நூலகத்துல வாசிச்சது, பெரியவங்ககிட்ட கேட்டது, நான் பட்டது, இந்த மூணையும் சேர்த்து எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடணும். நம்ம பக்கத்துல சண்டை வந்தா "வந்தேறி"ங்கிற வார்த்தை சட்டுன்னு வாயில வரும். குழாயடியில நானே அதை வாங்கிக் கட்டியிருக்கேன். ஆனா கம்பம் பள்ளத்தாக்குல யாரு வராதவங்க? கம்பத்துல வீட்டுக்குள்ள கன்னடம் பேசுற குடும்பங்கள் எத்தனையோ இருக்கு. விஜயநகர, நாயக்கர் காலத்துல ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டு வந்து, இங்க புல்லும் தண்ணியும் பார்த்துத் தங்கினவங்க அவங்க. இன்னைக்கும் கம்பத்து நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத்தொழுவுக்குத் தைப்பொங்கல் அப்போ கூட்டம் கூட்டமாப் போய்க் கும்பிடுறோம், இல்லையா? தெலுங்கு பேசுறவங்களும் அப்படித்தான் வந்தாங்க. மலைக்காட்டுல இருக்கிற பளியரைத் தவிர மத்த எல்லாரும் ஏதோ ஒரு காலத்துல மூட்டையைத் தலையில வச்சு இந்தப் பள்ளத்தாக்குக்குள்ள நடந்து வந்தவங்கதான்.

பெரிய வரத்து வந்தது தண்ணிக்குப் பின்னால. 1876லயிருந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். மதுரைச் சீமை, திருநெல்வேலிச் சீமை எல்லாம் காஞ்சு, ஜனம் கொத்துக் கொத்தாச் செத்துச்சு. பெரியாத்துத் தண்ணியைக் கிழக்கே திருப்பணும்ங்கிற யோசனை அதுக்கு முன்னாடியே ஏட்டுல இருந்துச்சு. பஞ்சம்தான் அதை அவசரமாக்குச்சு. 1886 அக்டோபர் 29ல திருவிதாங்கூரோட 999 வருஷத்துக்கு ஒப்பந்தம், அடுத்த வருஷம் வேலை ஆரம்பம், 1895 அக்டோபர் 10ல சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு வந்து தண்ணியைத் திறந்து விட்டது. இதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச கதை. லோயர்கேம்ப்ல பென்னிகுவிக் மண்டபம் இருக்கு, பொங்கலுக்குப் பொங்கலும் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனா அந்த அணைக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவங்க யாரு? கீழேயிருந்து காட்டுக்குள்ள போன கூலி ஜனம். மலேரியாவுலயும் காலராவுலயும் நூற்றுக்கணக்குல செத்தாங்க. அவங்க பேர்ல ஒருத்தர் பேரையாவது சொல்லுங்கன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

மலையைக் குடைஞ்சு தண்ணி இந்தப் பக்கம் விழுந்ததும் பள்ளத்தாக்கு மாறிப்போச்சு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கமெல்லாம் ரெண்டு போகம் நெல். நாத்து நட, களை எடுக்க, கதிர் அறுக்க ஆள் வேணும். உசிலம்பட்டிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலயிருந்து குடும்பம் குடும்பமா மேற்கே வந்தாங்க. அந்தச் சனத்துக்குப் பசி மட்டும் இல்ல, போலீஸ் கெடுபிடியும் இருந்துச்சு. குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு. கைரேகை வைக்கணும், ராத்திரி வீட்டுல படுக்காம ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணும். 1920 ஏப்ரல் 3ல பெருங்காமநல்லூர்ல அதை எதிர்த்து நின்னவங்களைச் சுட்டுக் கொன்னாங்க. செத்தவங்கள்ல மாயக்காள்னு ஒரு பொம்பளையும் உண்டு. ஊரை விட்டு ஆளு கிளம்புறதுக்குக் காரணம் எப்பவும் வயிறு மட்டும் இல்லைன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். சில நேரம் பயம், சில நேரம் மானம்.

பொம்பளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கட்டுரையில எழுதலாமான்னு கேட்டேன், எழுதுன்னாங்க. புருஷன் அடி தாங்காம வந்தவ, மாமியார் வீட்டுல வாழ முடியாம வந்தவ, சாதி மாறிக் கட்டிக்கிட்டு வந்தவ எங்க தெருவுலயே இருக்காங்க. அவங்களுக்கு டவுன்னா கேள்வி கேட்க ஆள் இல்லாத இடம். அதுவே பெரிய சுகம்.

இனி மலைக்குப் போன கதை. அதே பஞ்ச காலத்துல, 1877ல, மன்றோங்கிற வெள்ளைக்காரர் பூஞ்சார் ராஜாகிட்ட கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். பின்னால காடழிச்சுத் தேயிலை போட்டாங்க. மலையில வேலை செய்ய மேற்கே இருந்து ஆள் கிடைக்கல. கிழக்கே இருந்த நம்ம சனத்தைத்தான் கங்காணிகள் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கங்காணி வீடு தேடி வந்து முன்பணம் கொடுப்பார். பஞ்சத்துல கையில பணத்தைப் பார்த்தா யாரு விடுவா? அந்த முன்பணத்தைக் கழிக்கவே பாதி ஆயுசு போயிரும்.

போடிக்கு மேல குரங்கணி, கொட்டகுடி வழியா டாப் ஸ்டேஷனுக்குப் போற பாதை அந்தக் காலத்துல பெரிய வழி. மூணார் தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அங்கயிருந்து கம்பிவழி ரோப்ல கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி. போடியிலயிருந்து மாட்டுவண்டியில அம்மையநாயக்கனூர் ரயிலடி. அதே வழியில இங்கிருந்து அரிசியும் ஆளும் மேலே ஏறுச்சு. 1924 வெள்ளத்துல மூணார் பக்கத்துக் குட்டி ரயில் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. 1928ல மதுரையிலயிருந்து போடிக்கு ரயில் வந்துச்சு. தேயிலை, ஏலக்காய், காப்பி, பருத்தி எல்லாம் அதுல போச்சு. ரெண்டாம் உலகப் போர்ல தண்டவாளத்தைப் பிடுங்கிட்டுப் போய், திரும்பப் போட பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம காலத்துலயும் 2010 கடைசியில அகல ரயில்பாதைக்குன்னு நிறுத்தினாங்க, தேனிக்குத் திரும்ப ரயில் வந்தது 2022 மே மாசம், போடிக்கு 2023 ஜூன்ல. பதினோரு வருஷம் ரயில் இல்லாம இருந்ததை யாரும் பெருசாப் பேசல. மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

எங்கம்மா போனது ஏலத்தோட்டத்துக்கு. வண்டன்மேடு, உடும்பஞ்சோலைப் பக்கமெல்லாம் ஏலக்காடுதான். ஏலக்காய்ச் செடியைப் பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். தட்டை ஆள் உயரத்துக்கு மேல வளரும். காய் மேல காய்க்காது. அடித்தூர்ல சரம் விட்டு மண்ணுல படர்ந்து கிடக்கும், அதுலதான் காய். குனிஞ்சோ குத்தவச்சோதான் எடுக்கணும். ஆடியில ஆரம்பிச்சா தை வரைக்கும், ஒரே செடிக்கு மாசம் ஒருதரம், நாப்பது நாளைக்கு ஒருதரம் திரும்பத் திரும்ப வரணும். முத்தின காயை மட்டும் எடுக்கணும், பிஞ்சைத் தொடக்கூடாது. மழை விடாது. தலையில சாக்கைக் கொங்காணி போட்டுக்கிட்டு, காலுல அட்டைக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்ச்சுக்கிட்டு நாள் முழுக்க. மருந்தடிச்ச மறுநாளே காய் எடுக்கச் சொன்ன தோட்டமும் உண்டு. எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் முழங்கால் நிமிரல. இருமலும் விடல.

இந்த வேலைக்குப் பொம்பளைகளைத்தான் கேட்பாங்க. விரல் மெலிசு, பொறுமை ஜாஸ்தின்னு காரணம் சொல்வாங்க. கூலி கம்மிங்கிறதைச் சொல்ல மாட்டாங்க.

1956 நவம்பர் 1ல மொழிவாரி மாநிலம் வந்துச்சு. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோட சேரணும்னு போராட்டம் நடந்தும், ரெண்டும் கேரளாவுக்குப் போயிருச்சு. எங்கம்மா அப்போ சின்னப் புள்ள. அவங்களுக்கு மாநிலம்னா என்னன்னு தெரியாது. "நேத்து வரைக்கும் மேலே கீழேன்னு சொன்னோம், பிறகு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு சொன்னாங்க"ன்னு மட்டும் சொல்வாங்க. கல்யாண வீடு, சாவு வீடு, குலசாமி எல்லாம் கீழே. சோறு மேலே. நடுவுல ஒரு செக்போஸ்ட்.

அந்தக் கோடு வயித்தை மட்டும் இல்ல, காகிதத்தையும் வெட்டிருச்சு. பட்டியல் சாதிகள் எவைன்னு 1950ல குடியரசுத் தலைவர் ஆணை போட்டாங்க. அது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனிப் பட்டியல். ஒரு மாநிலத்துல இருக்கிற உரிமை, வேற மாநிலத்துக்குக் குடிபோனா கூட வராதுன்னு உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு. மலையிலயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, "உன் தாத்தா 1950ல எங்க இருந்தார், அதுக்குத் தாள் கொண்டா"ன்னா எங்க போறது? தாத்தா லயத்துல இருந்தார். லயம் தோட்டக்காரருக்குச் சொந்தம். தாத்தா பேர்ல ஒரு தாளும் கிடையாது.

நாங்க குடியிருந்து வேலை செஞ்சோம். இன்னொரு கூட்டம் தினமும் ஜீப்புல வந்து போகும். போடி, தேவாரம், கம்பம், கூடலூர்லயிருந்து விடியுறதுக்கு முன்னாடி தூக்குவாளியோட ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியா மேலே வந்து, பொழுது சாய இறங்குவாங்க. இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் அந்த ஜீப்புல போனவங்கதான், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. பத்துப் பேர் போற வண்டியில எத்தனை பேர் போனீங்கன்னும் தெரியும். கொண்டை ஊசி வளைவுல உருண்டு போனவங்க பேரும் உங்களுக்குத் தெரியும்.

2011 டிசம்பருக்கு வர்றேன். முல்லைப்பெரியாறு அணை உடைஞ்சிரும்னு அந்தப் பக்கம் பயம், தண்ணியை நிறுத்திருவாங்கன்னு இந்தப் பக்கம் பயம். கம்பத்துலயும் கூடலூர்லயும் ஆயிரக்கணக்கான ஜனம் குமுளியை நோக்கி நடந்துச்சு. பஸ் இல்ல, எல்லை அடைச்சாச்சு. மலைமேல இருந்த எங்களுக்கு ராத்திரியில தூக்கம் இல்ல. எங்க லயத்துக்கு ரெண்டு நாள் ஆளுக வந்து சத்தம் போட்டாங்க. பக்கத்து வீட்டு மலையாளத்து சேச்சி எங்க ரெண்டு பிள்ளைகளையும் தன் வீட்டுக்குள்ள படுக்க வச்சாங்க. அதையும் சொல்லத்தான் வேணும். மூணாம் நாள் காலையில கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டுக் காட்டுவழியா இறங்கிட்டோம். மகளுக்கு 14 வயசு, மகனுக்கு 11. ஆடு நாலை விட்டுட்டு வந்தோம். அரிசி டின்னுக்குள்ள இருந்த ரேஷன் கார்டை எடுக்க மறந்துட்டேன். பின்னாடி சேச்சி அதை ஜீப்காரர்கிட்ட கொடுத்துவிட்டாங்க.

எல்லை திறந்ததும் நிறையப் பேர் திரும்ப ஏறிட்டாங்க. தண்ணிச் சண்டை கோர்ட்டுக்குப் போய், 2014 மே 7ல தீர்ப்பும் வந்துச்சு. நாங்க திரும்பப் போகல. எங்க வீட்டுக்காரர் "இனி டவுன்தான்"னுட்டார்.

அம்மா ஊருக்குப் போகாம ஏன் தேனி? இதுதான் தலைப்புல கேட்ட கேள்வி. அம்மா ஊர்ல எங்களுக்கு வீடும் இல்ல, காடும் இல்ல. வயல் வேலை வருஷத்துல பாதி நாள் கிடையாது. தேனியில சந்தை இருக்கு. அல்லிநகரத்தோட ஒட்டின சின்ன ஊரா இருந்தது, ரயிலும் ரோடும் கூடுற இடமானதால வளர்ந்துச்சு. மதுரையிலயிருந்து மூணாறு, கொச்சி போற ரோடும், திண்டுக்கல்லுலயிருந்து குமுளி போற ரோடும் இதைத் தொட்டுத்தான் போகுது. பருத்தி வந்துச்சு, நூல் மில்லு வந்துச்சு, கமிஷன் கடை வந்துச்சு. 1997 ஜனவரி 1ல மதுரையிலயிருந்து பிரிச்சுத் தனி மாவட்டம் ஆக்கினாங்க. கலெக்டர் ஆபீஸ் வந்ததும் கட்டட வேலை, ஹோட்டல் வேலை, வீட்டு வேலை எல்லாம் பெருகுச்சு. கானாவிலக்குல மருத்துவக் கல்லூரி வந்தது இன்னொரு பலம். நம்ம மாவட்டத்துல 6 நகராட்சி இருக்கு. 2011 கணக்குப்படி 12.45 லட்சம் ஜனத்துல பாதிக்கு மேல டவுன்லதான் இருக்கோம். கிராமத்துல கூலி வேலை, டவுன்ல குடியிருப்புன்னு எத்தனையோ பேர் இருக்காங்க, அது வேற கதை.

டவுனுக்கு வந்தா வேலை கிடைச்சிருச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மூட்டை தூக்குற வேலை, எனக்கு ஒரு ஹோட்டல்ல பாத்திரம் கழுவுற வேலை. வேலையில கஷ்டம் இல்ல, மத்த எல்லாத்துலயும் கஷ்டம். வீடு கேட்டா முதல் கேள்வி "எந்த ஊரு?" அடுத்தது "என்ன ஆளுக?" மூணாவதுதான் வாடகை. ஆறு வீடு பார்த்து, ஏழாவது கிடைச்சது தகரக் கூரை போட்ட ஒத்தை அறை. ஒம்பது குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். அட்வான்ஸுக்கு என் கம்மல் போச்சு. தண்ணி மூணு நாளைக்கு ஒருதரம். மலையில ஓடையில மொண்டு குடிச்சவளுக்கு, குடம் வரிசை போட்டு நிக்கிறது ஜெயில் மாதிரி இருந்துச்சு.

ரேஷனுக்கு அந்தக் கார்டுல பேர் நீக்கின சான்று வேணும். அந்தச் சான்று வாங்க நேர்ல வரணும். நேர்ல போனா ரெண்டு நாள் கூலி போச்சு, போனாலும் அதிகாரி இல்ல. புதுக் கார்டு கைக்கு வர ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் வெளிச்சந்தை அரிசிதான். சீன தேசத்துல 1958லயிருந்து ஊர்ப் பதிவுன்னு ஒரு முறை இருக்காம். கிராமத்துல பதிவானவங்க நகரத்துக்குப் போய் வேலை செய்யலாம், ஆனா பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிச் சலுகை எல்லாம் பதிவான ஊர்லதான். வாசிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நமக்கு அப்படிச் சட்டம் கிடையாது, எந்த ஊருக்கும் போய் இருக்கலாம்னு அரசியல் சாசனமே சொல்லுது. ஆனா கவுண்டர்ல நின்னு பாருங்க. 2020 அக்டோபர்லயிருந்து எந்த மாநிலத்துக் கார்டுக்கும் இங்க அரிசி வாங்கலாம்னு வந்துருக்கு. எங்களுக்கு அது எட்டு ஒம்பது வருஷம் லேட்டு.

மகனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு, மலையிலயும் தமிழ்ப் பள்ளிக்கூடம்தான்ங்கிறதால. மகள் ஒம்பதாவதுல பாதி வருஷத்துல நின்னது நின்னதுதான். அடுத்த வருஷம் சேர்க்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள ஒரு ஆள் வந்தார். அந்தக் காலத்துக் கங்காணி வேட்டி, இந்த ஆள் பேன்ட். வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு நூல் மில்லுக்கு மூணு வருஷம் அனுப்புங்க, அங்கேயே சாப்பாடு, தங்கல், முடிச்சுட்டு வரும்போது மொத்தமா ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும்னார். நம்ம மாவட்டத்துலயிருந்தும் திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்தும் எத்தனையோ பெண் பிள்ளைகள் அப்படிப் போனாங்க. சுமங்கலித் திட்டம்னு அழகான பேரு வேற.

அனுப்பினது நான்தான். வீட்டுக்காரர் வேண்டாம்னார். வாடகையும் வட்டியும் கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சு. வயசைக் கூட்டிச் சொல்லச் சொன்னாங்க, அதையும் சொன்னேன். ரெண்டரை வருஷத்துல பிள்ளை பஞ்சு தூசியில நெஞ்சு அடைச்சு, உடம்பு பாதியா வந்து நின்னா. மூணு வருஷம் முடிக்கலைன்னு சொல்லி, பேசின தொகையில கால்வாசிதான் கொடுத்தாங்க. இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது இப்பவும் அப்படி ஒரு யோசனையில இருந்தா, எங்க வீட்டுக்கு வந்து அவகிட்ட நேரா கேட்டுட்டு அப்புறம் முடிவு எடுங்க. அவளே சொல்லுவா. என் மேல கோபம் இல்லைன்னு சொல்றா. இருக்கும்னு எனக்குத் தெரியும்.

குழுவுல சேர்ந்த கதையை நம்ம மலர்லயே எழுதுறதுக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. நம்ம தமிழ்நாட்டுல சுய உதவிக் குழு 1989ல தர்மபுரியில தொடங்கினது. நான் வர்றதுக்குள்ள தெருவுக்கு ரெண்டு குழு ஆகியிருந்துச்சு. முதல்ல கேட்ட குழுவுல சேர்க்க மாட்டேன்னுட்டாங்க. "வாடகை வீட்டுக்காரி, லோனை வாங்கிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா மலை ஏறிட்டா யாரு கட்டுறது?"ன்னாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. அப்படிப் போனவங்களும் உண்டு. ஒருத்தி கடனை மத்த பதினோரு பேர் கட்டின குழு எனக்கே தெரியும். ரெண்டாவது குழுவுல ஊக்குநரா இருந்த வருசநாட்டு அக்கா, "நானும் ஓடி வந்தவதான்டி, இருபது வருஷமா இங்கதான இருக்கேன், இவளுக்கு நான் பொறுப்பு"ன்னு தீர்மான நோட்டுல கையெழுத்துப் போட்டாங்க. வாரம் 50 ரூபாய் சந்தா. ஆறு மாசம் கழிச்சு முதல் உள்கடன் 5,000. அதுல கந்துவட்டியை அடைச்சேன். அடுத்த கடன்ல கிரைண்டர் வாங்கினேன். இன்னைக்கு எங்க தெருவுல பாதி வீட்டுக்கு இட்லி மாவு என் வீட்டுதுதான். மகள் தையல் படிச்சதும் குழுக் கடன்லதான். இப்ப திருப்பூர்ல இருக்கா, கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை. அங்க அவ வாடகை வீட்டுக்காரி. அவகிட்டயும் "எந்த ஊரு?"ன்னுதான் கேட்கிறாங்களாம்.

மகனுக்கு டிப்ளமோவுல சேரச் சாதிச் சான்று கேட்டாங்க. ஒரு அலுவலகத்துல நாலு தடவை திருப்பி அனுப்பினாங்க. கடைசியில எங்க மாமனார் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில, அவரோட அப்பா பேர்ல இருந்த ஒரு பழைய பட்டா நகல் கிடைச்சது. மூணு சென்ட் நிலம், எப்பவோ வித்தது. அந்த மூணு சென்ட்தான் பிள்ளையைப் படிக்க வச்சுச்சு. அது இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்யும்னு இன்னைக்கும் நினைப்பேன்.

மலையில விட்டுட்டு வந்தவங்களையும் மறக்க முடியல. 2015 செப்டம்பர்ல மூணார் தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைக போனஸைக் குறைச்சதுக்காக ரோட்டுல உட்கார்ந்தாங்க. அப்போ அவங்க நாள் கூலி 232 ரூபாய். சங்கத் தலைவர்களைக் கூட்டத்துக்குள்ள விடாம, தாங்களே பேசி 20 சதவீதம் வாங்கினாங்க. பெரும்பாலும் தமிழ் பேசுற நம்ம சனம். டி.வி.யில பார்த்து எங்க குழுவுல கைதட்டினோம். 2020 ஆகஸ்ட்ல பெட்டிமுடியில ராத்திரி மண் சரிஞ்சு லயத்து வரிசை அப்படியே புதைஞ்சு 70 பேர் போனாங்க. நிறையப் பேர் கயத்தாறு பக்கத்துலயிருந்து தலைமுறைக்கு முன்னாடி போன குடும்பங்கள். அன்னைக்கு நான் மாவு அரைக்கல. லயத்துச் சுவர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

அதே வருஷம் கொரோனாவுல எல்லையை மூடினப்போ, ஜீப்புல போற நம்ம உறுப்பினர்களுக்கு மாசக்கணக்குல வேலை இல்ல. மேலே காய் பழுத்து உதிருது, கீழே ஆள் பட்டினி. அப்பதான் மேலே வடநாட்டு ஆளுக இன்னும் அதிகமா வந்தாங்கன்னு சொல்றாங்க. ஜார்க்கண்டுலயிருந்தும் அசாம்லயிருந்தும் குடும்பத்தோட வர்றாங்க. நம்ம பக்கத்து மில்லுகள்லயும் அவங்கதான். "கூலியைக் குறைச்சிட்டாங்க, நம்ம வேலையைப் பிடுங்கிட்டாங்க"ன்னு நம்ம கூட்டத்துல பேசுறதை நானும் கேட்கிறேன். வயித்தெரிச்சல் எனக்கும் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மூணார்ல நம்ம தாத்தாமாரைப் பார்த்து அந்த ஊர்க்காரங்க என்ன பேசியிருப்பாங்கன்னும் நினைச்சுப் பார்க்கிறேன்.

எங்க காம்பவுண்டுல கடைசி அறையில ஜார்க்கண்டுக்காரப் புள்ள ஒருத்தி இருக்கா. இருபத்திரெண்டு வயசு இருக்கும். புருஷன் மில்லுல. இவ என்கிட்ட மாவு வாங்க வந்து வந்து தமிழ் பழகிட்டா. என்னை "மா"ன்னு கூப்பிடுறா. போன மாசம் கையில 50 ரூபாயை வச்சுக்கிட்டு எங்க குழுக் கூட்டத்துக்கு வந்து வாசல்லயே நின்னா. கார்டு அந்த ஊர்ல, ஆதார் விலாசம் அந்த ஊர்ல. வாடகை வீடு. எப்ப வேணா போயிருவா. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. சந்தாவை வாங்கல, அவளைத் திருப்பியும் அனுப்பல. உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தா.

அடுத்த கூட்டம் வர்ற ரெண்டாம் சனிக்கிழமை. பொருள் நிரல்ல மூணாவது அவ பேர். வருசநாட்டு அக்கா இப்ப உயிரோட இல்ல. பொறுப்பு ஏத்து யாராவது கையெழுத்துப் போடணும்னா பேனா என்கிட்ட இருக்கு. சொந்த ஊர்க் கட்டத்துல என்ன எழுதுறதுன்னு அவகிட்டயே கேட்டுக்கலாம்.